சிறு எண்ணெய் நிறுவனங்களும் தனியார் முதலீட்டாளரும்



நம் நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்திற்கும் மேற்பட்ட பகுதி கடல் கடந்து வருகிறது. உள்நாட்டு உற்பத்தி ஆண்டுக்கு மூன்று கோடி டன் என்ற அளவைக்கூட இப்பொழுது எட்டுவதில்லை. அந்த உற்பத்தியிலும் பெரும் பங்கு, பொதுத்துறையைச் சேர்ந்த எண்ணெய் இயற்கை வாயுக் கழகமும் ஆயில் இந்தியாவும் அளிப்பதே ஆகும். எஞ்சியதைத் தனியார் துறை தருகிறது. தனியார் துறையிலும் பெரியவை ஒரு சிலவே. மற்றவை ஓரிரண்டு வயல்களை மட்டும் நம்பி வாழும் சிறு நிறுவனங்கள்.

பெரிய கழகங்கள் தொட்டுப் பார்த்து, செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று விட்டுவைத்த சிறு வயல்கள் நாட்டில் பல உண்டு. அவற்றிலிருந்து எண்ணெய் எடுக்கச் சிறு நிறுவனங்களே பொருத்தமானவை என்ற கருத்தை அரசு ஏற்றுக்கொண்டுள்ளது. 2015 செப்டம்பரில் 69 சிறு வயல்களை ஏலத்தில் அளிக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது இக்கருத்தின் விளைவே. ஆனால் இந்நிறுவனங்களுக்கு மூலதனம் எங்கிருந்து வருகிறது? வங்கிகள் தரையடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் எண்ணெயை ஈடாகக் கொள்ளத் தயங்குகின்றன. ஆகவே பங்குச் சந்தையின் வழியாகத் தனிமனிதரின் சேமிப்பே பெரும்பாலும் இவற்றைத் தாங்க வேண்டியுள்ளது. அந்தத் தனிமனிதர் இந்நிறுவனங்களின் எதிர்காலத்தை எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

நிலமும் எண்ணெயும்

இப்பொருளை மகர்பட்டாவில் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. புனே நகரின் ஹடப்ஸர் பகுதியில் உள்ள இந்நகரியம் ஒரு காலத்தில் வயல்வெளியாக இருந்தது. நகரம் நெருங்கி வந்தபொழுது, இங்கு சுமார் 400 ஏக்கர் நிலத்தை வைத்திருந்த ஏறத்தாழ 120 விவசாயக் குடும்பங்கள் தத்தம் துண்டு நிலங்களைத் தரகரிடம் விற்றுவிடவில்லை. சதீஷ் மகர் என்பாரின் தலைமையில் ஒன்றுசேர்ந்து, நிலத்தை ஒரே தொகுப்பாக்கி, அதனை வளர்க்கும் நிறுவனத்தில் நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குதாரர்கள் ஆயினர். 2000ஆம் ஆண்டையொட்டிக் கட்டுமானம் தொடங்கிற்று. உழவர் முதலீட்டாளர் ஆன வரலாறு இது. இந்தியாவில் பலரும் ஆராய்ந்து எழுதியுள்ள வரலாறு.

அக்குடும்பங்களின் கையில் இருந்த சொத்து நிலம். நிலம் வாடகை ஈட்டித் தருகிறது. ஈட்டிய பிறகும் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் எழுந்த அலுவலகக் கட்டடம் பழுதானாலும் அடிமனை குறைவதில்லை. எண்ணெய் நிறுவனத்தின் சொத்து இத்தன்மையது அன்று. ஒவ்வொரு பீப்பாயும் விற்பனையாகும்பொழுது வருமானம் கிடைக்கிறது. அதே கணத்தில் சொத்து ஒரு பீப்பாய் குறைந்துவிடுகிறது. எடுக்க எடுக்கக் குறையும் சொத்து அது. மகர்பட்டாவின் உழவர் தம் நிலத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளை எண்ணெய்ப் பங்கு வாங்குவோர் கேட்டால் போதாது. வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டும்.

மற்றொரு வேறுபாட்டையும் இங்கேயே தெளிவாக்கிக் கொள்வது நலம். புனே நகரின் வீடுகளுக்குக் குழாய் வழியாக எரிவாயு வழங்கும் மகாராஷ்டிரா இயற்கை வாயு நிறுவனம் போன்றவை வாயுவை வாங்கி விநியோகிக்கும் அமைப்புகள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள வேறுபாடு அவற்றின் ஆதாயம். சுத்திகரிப்பு ஆலைகளும் அத்தகையனவே. எண்ணெயைத் தேடி எடுக்கும் நிறுவனத்தின் தன்மை முற்றிலும் வேறு. இரண்டையும் "எண்ணெய், எரிவாயுப் பங்குகள்" என்று ஒரே தலைப்பில் அடக்கிப் பார்ப்பது பெரும் பிழைக்கு வழிகோலும்.

ஒரு கற்பனைக் கணக்கு

குறையும் சொத்து என்பதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு சிறு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அதன் எல்லாப் பங்குகளின் சந்தை மதிப்பு 600 கோடி ரூபாய். அதற்கு 150 கோடி கடன் உண்டு. கையிருப்பு 50 கோடி. அதாவது முழு நிறுவனத்தையும் கடனோடு வாங்க ஒருவருக்கு 700 கோடி தேவை. நிறுவனத்தின் பங்கிற்கு வரும் எண்ணெய் 70 லட்சம் பீப்பாய் என்று ஆண்டறிக்கை கூறுகிறது. ஆண்டுக்கு 7 லட்சம் பீப்பாய் வீதம் பத்தாண்டுகள் எடுக்கலாம். ராயல்டி, அரசின் பங்கு, செலவு, வரி எல்லாம் போகப் பீப்பாய்க்கு 1,500 ரூபாய் மிஞ்சும் எனில் ஆண்டு வருமானம் 105 கோடி.

இதைக் காணும் முதலீட்டாளர், 600 கோடிக்கு 105 கோடி என்றால் பதினேழரை சதவீதம் ஆயிற்றே, வங்கி வட்டியைவிட இரு மடங்குக்கும் மேல் அல்லவா என்று மகிழக்கூடும். இங்குதான் தவறு நேர்கிறது. வங்கியில் போட்ட பணத்திற்கு வட்டி வந்த பிறகும் அசல் இருக்கிறது. இந்நிறுவனத்திலோ பத்தாம் ஆண்டின் இறுதியில் வயல் வறண்டுவிடும். ஆண்டுதோறும் வந்த 105 கோடியில் ஒரு பகுதி ஆதாயம். மற்றொரு பகுதி அவருடைய அசலே திரும்பி வந்ததாகும். 12 சதவீதக் கழிவு விகிதத்தில் அப்பத்தாண்டு வருமானத்தின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டால் சுமார் 593 கோடிதான் தேறும். நிகரக் கடன் 100 கோடியைக் கழித்தால் பங்குதாரருக்கு உரியது 493 கோடி. அதற்கு அவர் 600 கோடி கொடுக்கிறார்.

அந்த 70 லட்சம் பீப்பாயில் உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டது 45 லட்சமே என்றால், எந்தக் கழிவும் செய்யாமலே மொத்த வருமானம் 675 கோடி. நிறுவனத்தின் விலையான 700 கோடியைக்கூட அது எட்டவில்லை.

மேலும் கிணறுகள் ஆண்டுதோறும் ஒரே சீராக எண்ணெய் தருவதில்லை. படிவின் அழுத்தம் குறையக் குறைய உற்பத்தியும் குறைகிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் குறையும் வயலில் ஐந்தாண்டு கழித்து முதலில் இருந்த உற்பத்தியில் 44 சதவீதமே எஞ்சும். பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்கு. இக்குறைவை ஈடுசெய்யப் புதுக் கிணறு தோண்ட வேண்டும். அதற்கு மீண்டும் மூலதனம் வேண்டும். ஆதாயத்தை முழுவதும் பங்குதாரருக்குப் பங்கிட்டுத் தரும் நிறுவனம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு வருகிறது. முழுவதையும் புதுக் கிணற்றில் போடும் நிறுவனமோ பங்குதாரரைச் சூதாட்டத்திற்கு அழைத்துச் செல்கிறது. இவ்விரண்டிற்கும் இடையில் நிதானம் காண்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளம்.

தென்னகத்தின் அனுபவம்

கற்பனைக் கணக்கிலிருந்து நடந்த வரலாற்றுக்கு வரலாம். ஹிந்துஸ்தான் எண்ணெய்த் துரப்பண நிறுவனம், அதாவது ஹெச்.ஓ.இ.சி., 1983ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. வீட்டுக் கடன் துறையில் ஹெச்.டி.எஃப்.சி.யை உருவாக்கிய ஹெச்.டி. பரேக் என்பாரே இதற்கும் காரணர். எண்ணெய்த் தேடல் அரசுக் கழகங்களுக்கே உரியது என்று கருதப்பட்ட காலத்தில், இந்தியரின் சேமிப்பைக் கொண்டு தனியார் நிறுவனம் ஒன்று இப்பணியில் இறங்கலாம் என்ற துணிவு அன்று புதியது. இந்நிறுவனத்தின் தலைமையகப் பணிகள் பின்னர் சென்னையில் நிலைகொண்டன. தமிழகக் கடற்கரையை ஒட்டிய காவிரிப் படுகையில் அதற்குப் பங்கு கிடைத்ததே அதற்குக் காரணம்.

அங்குள்ள பி.ஒய்.-1 என்னும் கடலடி வாயு வயலின் ஒப்பந்தம் 1995இல் கையெழுத்தானது. வயல் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும் வாயு கரைக்கு வந்தது 2009 நவம்பரில்தான். கண்டறிந்த வயலிலிருந்து முதல் வாயுவை விற்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கடலில் மேடை அமைத்து, கடலடிக் குழாய் பதித்து, திருக்கடையூர் அருகே உள்ள பிள்ளைப்பெருமாள்நல்லூர் மின்நிலையத்திற்கு வாயு கொண்டுவரப்பட்டது. சிறு நிறுவனத்திற்கு இது மலைபோன்ற செலவு.

இத்துணைப் பாடுபட்ட பின்னர் நிகழ்ந்தது என்ன? பி.ஒய்.-1இன் வாயு, மணற்பாறையின் நுண்துளைகளில் அல்லாமல், அடித்தளக் கருங்கற்பாறையின் வெடிப்புகளில் தங்கியிருந்தது. வெடிப்புப் பாறையில் எவ்வளவு வாயு உண்டு, எவ்வளவு வெளிவரும் என்று முன்கூட்டிக் கணிப்பது மிகக் கடினம். உற்பத்தி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இருப்பு முன்பு கருதியதைவிடக் குறைவு என்று தெரிந்தது. நிறுவனம் தன் ஏட்டில் அவ்வயலின் மதிப்பைக் குறைத்து எழுத நேர்ந்தது. பர்ரன் எனர்ஜியை வாங்கியதன் வழியே சுமார் 47 சதவீதப் பங்கை அடைந்திருந்த இத்தாலியின் எனி நிறுவனமும் பின்னர் விலகிக்கொண்டது. யாரும் ஏமாற்றியதால் வந்த நட்டம் அன்று இது. நிலத்தடி தன் கணக்கை மெல்ல மெல்லவே சொல்கிறது. அது சொல்லி முடிக்குமுன் முதலீட்டாளர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்.

இதே படுகையில் பி.ஒய்.-3 என்ற எண்ணெய் வயலின் கதை வேறுவகை. 1997இல் உற்பத்தி தொடங்கிய இவ்வயலில் எண்ணெய் இயற்கை வாயுக் கழகம், ஹார்டி, டாட்டா பெட்ரோடைன், ஹெச்.ஓ.இ.சி. ஆகிய நான்கும் பங்காளிகள். 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. எண்ணெய் தீர்ந்துவிட்டதால் நின்றதன்று. மிதக்கும் உற்பத்திக் கப்பலின் ஏற்பாடு முடிவுற்ற நிலையில், மேற்கொண்டு செய்ய வேண்டியதில் பங்காளிகளின் ஒப்புதலும் அரசின் ஒப்புதலும் ஒருசேரக் கிட்டவில்லை. வயல் ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. எண்ணெய் இருந்தும் வருமானம் இல்லை என்ற நிலை சிறு நிறுவனத்தின் பங்குதாரருக்கு மிகக் கசப்பானது. 21 சதவீதப் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் தன் விருப்பப்படி ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப இயலாது. ஆகவே வயலில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு என்பதோடு, அதை நடத்தும் பொறுப்பு யாரிடம் உள்ளது என்பதையும் கேட்க வேண்டும்.

இவ்வரலாறு தோல்வியோடு முடிந்துவிடவில்லை என்பதும் கூறத் தக்கது. அசாமின் டிராக் வாயு வயலில் ஆயில் இந்தியா, இந்தியன் ஆயில் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களோடு கூட்டாக, 2017 ஆகஸ்டில் ஹெச்.ஓ.இ.சி. வணிக உற்பத்தி தொடங்கிற்று. சிறு வயல் ஏலத்தில் பெற்ற, மும்பைக் கடற்பரப்பின் பி-80 வயலில் 2022இல் எண்ணெய் வந்தது. ஒரு வயலில் அடிபட்ட நிறுவனம் வேறொரு வயலால் எழுந்து நிற்க முடியும். ஒரே வயலை நம்பிய நிறுவனத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை.

இருப்பு என்பதன் பொருள்

ஆண்டறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் "இருப்பு" என்ற சொல் தாராளமாகப் பயன்படுகிறது. அச்சொல்லுக்குப் படிநிலைகள் உண்டு. உலகின் பெட்ரோலியப் பொறியாளர் சங்கம் 2007இல் வகுத்து 2018இல் திருத்திய முறைப்படி, குறைந்தது 90 சதவீத வாய்ப்போடு எடுக்கக் கூடியது மெய்ப்பிக்கப்பட்ட இருப்பு. 50 சதவீத வாய்ப்புள்ள அளவு அதனினும் மிகுதி. 10 சதவீத வாய்ப்புள்ள அளவு மிகப் பெரிது. இம்மூன்றும் வணிக ரீதியில் எடுக்கத் தகும் என்று முடிவான எண்ணெயைப் பற்றியவை. கண்டறிந்தும் கட்டுப்படியாகுமா என்று தெரியாதது இருப்பு ஆகாது. நிபந்தனைக்கு உட்பட்ட வளம் மட்டுமே. இன்னும் கிணறே தோண்டாமல், நிலநடுக்க அலை ஆய்வின் படத்தைக் கொண்டு கூறப்படுவது எதிர்பார்ப்பு வளம்.

ஒரு நிறுவனம் "இத்தனை கோடிப் பீப்பாய் எண்ணெய்" என்று அறிவித்தால், அது பாறையில் தங்கியுள்ள மொத்த எண்ணெயா, எடுக்கக் கூடிய எண்ணெயா, அதில் நிறுவனத்தின் பங்கா என்று முதலில் கேட்க வேண்டும். பாறையில் உள்ள எண்ணெயில் பெரும்பகுதி என்றும் வெளியே வராது. அடுத்து, மதிப்பிட்டவர் நிறுவனத்தின் ஊழியரா, வெளிமதிப்பீட்டாளரா என்று காண வேண்டும். மூன்றாவதாக, சென்ற ஐந்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்து, உற்பத்தியைக் கழித்த பின் இருப்பு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். ஆண்டுதோறும் கணிப்பு கீழ்நோக்கித் திருத்தப்படும் நிறுவனத்தின் அடுத்த கணிப்பையும் ஐயத்தோடு பார்ப்பதே முறை.

பெரிய நிறுவனங்களுக்கும் இத்தவறு நேர்வதுண்டு. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி-6 பகுதியில் 2009 ஏப்ரலில் வாயு உற்பத்தி தொடங்கி, 2010இல் நாளொன்றுக்குச் சுமார் 6 கோடி கன மீட்டரைத் தொட்டது. சில ஆண்டுகளிலேயே அது கால்பங்குக்கும் கீழே சென்றது. அதனை நடத்திய ரிலையன்ஸ் நிறுவனத்திற்குச் சுத்திகரிப்பு ஆலைகளும் வேறு தொழில்களும் இருந்தன, தாங்கிக்கொண்டது. அதே விகிதத்தில் சிறு நிறுவனம் ஒன்றின் ஒரே வயல் சரிந்திருந்தால் பங்குதாரர் நிலை என்னவாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அரசோடு செய்த ஒப்பந்தம்

தரையடியில் உள்ள எண்ணெய் நாட்டுக்குச் சொந்தம். நிறுவனத்திற்கு இருப்பது குறிப்பிட்ட காலம் அதை எடுக்கும் உரிமை மட்டுமே. ஆகையால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் பங்கை எடைபோட முடியாது. 1990-களிலும், 1999 முதல் நடைமுறைக்கு வந்த புதிய துரப்பண உரிமக் கொள்கையின் கீழும் செய்யப்பட்டவை உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்கள். அவற்றில் நிறுவனம் முதலில் தன் செலவை ஈடுசெய்துகொண்டு, மிஞ்சும் ஆதாயத்தை அரசோடு பகிர்ந்துகொள்ளும். எது நியாயமான செலவு என்பதில் வழக்குகள் எழுந்தன. 2016இல் வந்த கொள்கை அதை மாற்றி வருவாய்ப் பகிர்வைக் கொணர்ந்தது. இதில் கணக்குச் சச்சரவு குறைவு. ஆனால் செலவு கூடினால் அச்சுமை முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழும். ஏலத்தில் வெல்லும் ஆசையில் அதிக வருவாய்ப் பங்கை அரசுக்கு வாக்களித்த நிறுவனம், விலை இறங்கும் காலத்தில் தன் வாக்கிலேயே சிக்கிக்கொள்ளும்.

உரிமத்தின் கால அளவும் முக்கியம். குஜராத்தில் பக்ரோல், இந்த்ரோரா, லோஹார் முதலிய சிறு வயல்களை நடத்திய செலான் நிறுவனத்தின் ஒப்பந்தங்கள் 1995இல் 25 ஆண்டுக் காலத்திற்குச் செய்யப்பட்டவை. 2020 நெருங்கியபொழுது, மேலும் பத்தாண்டு நீட்டிப்புக் கிடைக்குமா, எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதே அதன் பங்கு மதிப்பைத் தீர்மானிக்கும் பெரும் கேள்வியாயிற்று. நீட்டிப்புக் கிடைத்தது. ஆயினும், உரிமம் முடியும் நாளுக்குப் பின் உள்ள எண்ணெயைத் தன் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது எச்சரிக்கையுள்ள முதலீட்டாளர் பின்பற்றத் தக்க விதி.

விலையும் வரியும்

எண்ணெய் விலை ஏறும் என்ற நம்பிக்கையே பலரைச் சிறு நிறுவனங்களை நோக்கி ஈர்க்கிறது. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலர் அளவில் இருந்த பிரெண்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. 2020 ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்கச் சந்தையில் ஒரு மாத ஒப்பந்தத்தின் விலை சுழிக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குச் சென்றது. இதை எவரும் முன்னுரைக்கவில்லை. விலையைக் கணிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, "இவ்வளவு குறைந்த விலையிலும் நிறுவனம் உயிரோடிருக்குமா?" என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. பீப்பாய் ஒன்றை எடுக்க ஆகும் செலவு, கடனுக்கான வட்டி, கையிருப்புப் பணம் ஆகிய மூன்றும் இதற்கு விடை தரும்.

வாயுவின் நிலை இன்னும் வேறுபட்டது. எண்ணெயைத் தொட்டியில் நிரப்பி வைத்து, கப்பலேற்றி விற்கலாம். வாயுவுக்குக் குழாயும் அக்குழாயின் மறுமுனையில் ஒரு வாடிக்கையாளரும் வேண்டும். அந்த ஒரே வாடிக்கையாளரான மின்நிலையமோ உர ஆலையோ நின்றால் கிணற்றையும் மூட வேண்டியதுதான். விலையும் பெரும்பாலும் அரசின் சூத்திரப்படி அமைந்தது. 2014 நவம்பரில் பத்து லட்சம் வெப்ப அலகுக்கு 5.05 டாலராக இருந்த உள்நாட்டு வாயு விலை, வெளிநாட்டுச் சந்தைகளைப் பின்பற்றி இறங்கி, 2020 அக்டோபரில் 1.79 டாலர் ஆயிற்று. இச்சூத்திரம் 2023 ஏப்ரலில் மாற்றப்பட்டது. சிறு வயல் கொள்கையின் கீழ் வழங்கப்பட்ட வயல்களுக்கு விலை நிர்ணயத்தில் சுதந்திரம் உண்டு; கச்சா எண்ணெய் மீதான செஸ் வரியிலிருந்தும் விலக்கு உண்டு. ஒரே நாட்டில், ஒரே வாயுவுக்கு, வயலின் வகையைப் பொறுத்து விலை வேறுபடும் என்பதை முதலீட்டாளர் மறத்தலாகாது.

வரியைப் பொறுத்தவரை 2022 ஜூலை முதல் நாள் நிகழ்ந்தது நல்ல பாடம். உலக விலை ஏறியதால் உள்நாட்டு உற்பத்தியாளர் அடைந்த திடீர் ஆதாயத்தின் மீது அரசு டன்னுக்கு 23,250 ரூபாய் சிறப்புத் தீர்வை விதித்தது. எண்ணெய்ப் பங்குகள் அன்றே சரிந்தன. ஆனால் முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் பீப்பாய்க்கும் குறைவாக உற்பத்தி செய்த சிறு நிறுவனங்களுக்கு அத்தீர்வையிலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்தது. அரசாணையை முழுவதும் படித்தவர்களுக்கு இது தெரிந்தது. தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் அஞ்சினர். அத்தீர்வை 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது. விலை உயர்வின் முழுப் பயனும் பங்குதாரருக்கே வந்து சேரும் என்று கணக்கிடுவது பேதைமை என்பதும் இதனால் விளங்குகிறது.

மண்ணின் மக்கள்

எண்ணெய் வயலுக்கு மேலே ஊர் இருக்கிறது. அவ்வூரில் மக்கள் வாழ்கின்றனர். சிறு வயல் ஏலத்தில் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த நெடுவாசலும் இடம்பெற்றது. 2017இல் தனியார் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. நிலத்தடி நீருக்கும் விளைநிலத்திற்கும் கேடு நேரும் என்று அஞ்சிய அவ்வட்டார மக்கள் பல வாரங்கள் அறவழியில் போராடினர். பணி தொடங்கவே இல்லை. 2020இல் தமிழக அரசு காவிரிப் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, அங்கு புதிய எண்ணெய், வாயுத் துரப்பணத்திற்குத் தடை விதித்தது.

இதனை முதலீட்டாளர் வெறும் இடையூறாகக் கருதுவது பொருந்தாது. நெல் விளையும் நிலம் நூறு தலைமுறைக்கு விளையும். அதன் கீழுள்ள வாயு இருபது ஆண்டில் தீரும். குறையாத சொத்தைக் குறையும் சொத்துக்காகப் பணயம் வைக்கலாமா என்று உழவர் கேட்டால், அக்கேள்வி பொருளாதாரக் கேள்வியும் ஆகும். மக்களின் ஒப்புதல் பெறாத வயல், பாறையில் எவ்வளவு எண்ணெய் இருப்பினும், முதலீட்டாளரின் கணக்கில் சுழியே ஆகும்.

வெற்றியின் மறுபக்கம்

சிறு நிறுவனங்களில் பணம் போடுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது கெய்ர்ன் நிறுவனத்தை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த அந்நிறுவனம், பேரளவு நிறுவனமான ஷெல் விலகிக்கொண்ட ராஜஸ்தான் பகுதியில் விடாது தேடி, 2004 ஜனவரியில் மங்களா வயலைக் கண்டறிந்தது. இந்நாட்டின் நிலப்பரப்பில் கண்டறியப்பட்ட பெரும் வயல்களில் ஒன்று அது. 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியது.

இவ்வெற்றி உண்மையே. ஆனால் பலன் தராத பல கிணறுகளுக்குப் பின்னரே இது வந்தது. வறண்ட கிணற்றோடு மறைந்துபோன நிறுவனங்களின் பெயர் யார் நினைவிலும் இல்லை; வென்ற ஒன்றே வாய்மொழியாகப் பரவுகிறது. வென்றவரைக் கொண்டு மட்டும் வாய்ப்பை அளப்பது பரிசுச் சீட்டுக் கடையின் தர்க்கம். புதுத் தேடலில் ஈடுபடும் நிறுவனத்தின் பங்கை வாங்குவோர், அப்பணம் முழுவதும் போனாலும் தம் குடும்பம் நிலைகுலையாது என்ற அளவோடு நின்றுகொள்ள வேண்டும். பல நிறுவனங்களில் சிறு சிறு தொகையாகப் பகிர்ந்து போடுவது இத்துறையில் மிகவும் இன்றியமையாதது.

செய்ய வேண்டுவன

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்தாகும். மெய்ப்பிக்கப்பட்ட இருப்பில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு? அதனை எடுக்கும் உரிமை எந்நாள் வரை, எந்த நிபந்தனையில் உள்ளது? ஒரு பீப்பாய்க்கு ஆகும் முழுச் செலவு என்ன? எண்ணெயையோ வாயுவையோ வாங்குவோர் யார், எவ்விலையில்? விலை பாதியானால் எத்தனை மாதம் நிறுவனம் தாங்கும்? இவற்றுக்கு ஆண்டறிக்கையில் விடை கிடைக்கும் நிறுவனம் ஆராயத் தக்கது. விடை கிடைக்காத நிறுவனத்தைப் பற்றி மேலும் ஆராய வேண்டுவதில்லை.

அதிகாரிகளின் கடமையும் இதிலிருந்தே பிறக்கிறது. 1993 முதல் இயங்கிவரும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககத்திடம் ஒவ்வொரு வயலின் உற்பத்தி விவரமும் வந்து சேர்கிறது. பங்குச் சந்தைகளை மேற்பார்வையிடும் செபி அமைப்புக்கு நிறுவனங்களின் அறிவிப்புகள் வருகின்றன. கிணறுவாரியான உற்பத்தியும் இருப்புத் திருத்தமும் ஒரே வடிவில், உரிய காலத்தில், சாதாரண வாசகருக்கும் விளங்கும் மொழியில் வெளிவந்தால் ஊக வாணிபம் தானே குறையும். ஒப்புதல்கள் விரைந்து கிடைத்தால் பி.ஒய்.-3 போன்று வயல்கள் வாளா கிடக்கும் நிலையும் நேராது.

சிறு வயல்களின் எண்ணெய் நாட்டின் இறக்குமதிச் சுமையை முற்றிலும் நீக்கிவிடப் போவதில்லை. ஆயினும் சேமிக்கப்படும் ஒவ்வொரு டாலர் அந்நியச் செலாவணிக்கும் மதிப்பு உண்டு. அதனினும் மதிப்பு வாய்ந்தது மக்களின் சேமிப்பில் உள்ள நம்பிக்கை. ஒருமுறை மிகையான அறிவிப்பை நம்பிப் பணத்தை இழந்த குடும்பம், அடுத்த முறை நேர்மையான நிறுவனம் வந்து கேட்டாலும் தராது. மகர்பட்டாவின் உழவர்கள் தாம் எதனைக் கொடுக்கிறோம், எதனைப் பெறுகிறோம் என்பதை அறிந்தே பங்குதாரர் ஆயினர். எண்ணெய் நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கும் அந்தத் தெளிவு கிட்டும்பொழுதே சிறு வயல்களுக்கு வேண்டிய மூலதனம் நிலையாக வந்துசேரும்.